வெளிர்நீலச் சட்டை

முன்னொரு காலம் என்று சொல்லும் அளவுக்கு இது பழைய கதை இல்லை. ஒரு பெரிய பட்டணத்துக்கு வெளியே, மின்சார ரயிலின் கடைசி நிலையத்தையும் தாண்டி, தென்றல் நகர் என்று ஓர் ஊர் முளைத்தது. பெயரில் மட்டும் தென்றலை வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. இங்கே உண்மையாகவே காற்று வீசியது. மேற்கே ஒரு சின்னக் குன்று. தெற்கே பாதி ஏரி. மீதிப் பாதி ஏரியின் மேல்தான் நகர் இருந்தது. அதைப் பற்றி அங்கே யாரும் பேசிக்கொள்வதில்லை.

தணிகைவேல் இந்த ஊரைப் பார்த்த அன்றே மனசைப் பறிகொடுத்துவிட்டார். பட்டணத்தில் அவர் குடியிருந்த போர்ஷனில் நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டின் குளியலறைச் சுவர். மகள் நறுமுகை 'வானம்' என்று படம் வரைந்தால் அதை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கோடாகத்தான் வரைவாள். அந்தக் கோட்டைப் பார்த்த அன்றைக்கே அவர் மனை தேடக் கிளம்பினார்.

"எலி வளையானாலும் தனி வளை வேணும் மேகலா" என்றார் மனைவியிடம். "நம்ம முகை ஓடி விளையாடணும். சாயங்காலமானா நான் மொட்டைமாடியில காத்து வாங்கணும். அவ்வளவுதான் என் ஆசை."

அவ்வளவுதான் ஆசை என்று சொல்லித்தான் எல்லோரும் வீடு கட்டத் தொடங்குகிறார்கள்.

சுவர் எழும்பியதும் மேஸ்திரி துரைக்கண்ணு வந்து நின்றார். "சார், நாலு பேர் கண்ணு படற இடம். திருஷ்டிக்கு ஒரு பொம்மை கட்டணும். யாரோடதாவது பழைய பேண்ட், சட்டை இருந்தா குடுங்க."

யாருடையதையாவது தேடிப் போகத் தணிகைவேலுக்கு ஏது நேரம்? தன்னுடைய வெளிர்நீலச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆபீஸுக்குப் போட்டுப் போட்டு வெளுத்த சட்டை. பையில் பேனா கக்கிய மைக்கறை இருந்தது.

மேஸ்திரி அதற்குள் வைக்கோலைத் திணித்தார். தலைக்கு ஒரு மண்சட்டியைக் கவிழ்த்தார். சுண்ணாம்பில் கண்ணும் கரியில் மீசையும் எழுதி, கைகளை இரண்டு பக்கமும் விரித்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நிற்க வைத்துக் கட்டினார். அதன் காலடியில், நாக்கு நீட்டிய முகம் எழுதிய பூசணிக்காய் ஒன்று கயிற்றில் தொங்கியது. வீடு முடியும் வரை இரண்டும் பேச்சுத்துணையாக இருந்தன.

கிரகப்பிரவேசம் ஒரு வேலைநாளில் அமைந்தது. பால் பொங்கியது. சொந்தக்காரர்கள் 'பொங்கிச்சு, பொங்கிச்சு' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் தணிகைவேலின் செல்போன் அடித்தது. அரைநாள் விடுப்புதான் அவருக்கு. இலையில் வைத்த கேசரியைக்கூட முடிக்காமல் ரயிலுக்கு ஓடினார். "பூசணியை யாராவது உடைச்சிடுங்க. பொம்மையை ஞாயித்துக்கிழமை நான் இறக்கிக்கறேன்" என்று ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

பூசணியை உடைக்க முன்வந்த மச்சான் கற்பூரம் தேட உள்ளே போன நேரத்தில் பூசணிக்காய் மேலே பார்த்துப் பேசியது.

"அண்ணே, எனக்கு நேரம் வந்தாச்சு. உனக்கும்தான் வந்திருக்கணும். பால் பொங்கிட்டா வீட்டுக்கு ஆள் வந்தாச்சுன்னு அர்த்தம். அப்புறம் காவலுக்கு நின்னவன் நிக்கக்கூடாது."

"நின்னா என்ன ஆகும்?" என்றது பொம்மை.

"வீட்டுக்கு இருட்டுல கண்ணு தெரியாது. பகல்ல யார் நிக்கிறாங்களோ அவங்கதான் சொந்தக்காரர்னு நினைச்சுக்கும். அதுவும் நீ அவர் சட்டையை வேற போட்டிருக்கே."

இதற்குமேல் சொல்ல அதற்கு வாய்க்கவில்லை. வாசலில் நாலாகச் சிதறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தணிகைவேல் தூங்கினார். அடுத்த ஞாயிறும் அப்படியே. குறை சொல்ல முடியாது, பாவம். விடிவதற்கு முன் கிளம்பி, விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத் திரும்புகிற மனிதர். ஷேர் ஆட்டோ, ரயில், பஸ், பிறகு மறுபடி பஸ், ரயில், ஷேர் ஆட்டோ. வீட்டுக் கேட்டைத் தள்ளும்போதெல்லாம் அது கிறீச்சிடும். அந்தச் சத்தம் 'யாரு?' என்று கேட்பது போலிருக்கும் அவருக்கு. எண்ணெய் விட்டுப் பார்த்தார். எண்ணெய் விட்ட பிறகு இன்னும் தெளிவாகக் கேட்டது.

வீட்டில் வைக்கோல் துரும்புகள் கிடக்கத் தொடங்கின. முதலில் படிக்கட்டில். பிறகு கட்டிலில், அவர் படுக்கிற பக்கத்தில் மட்டும். "மாடு மேய்ச்சுட்டு வர்றீங்களா, ஆபீஸ் போயிட்டு வர்றீங்களா?" என்று மேகலா கூட்டித் தள்ளினாள். அவர் சட்டைப் பையில் கைவிட்டார். பேனாவோடு ஒரு துரும்பு வந்தது.

ரயிலிலும் ஒரு மாதிரிதான் இருந்தது. முன்பெல்லாம் கூட்டம் அவரை நசுக்கும். இப்போது தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டது. உடம்பில் கனமே இல்லை.

ஒரு ஞாயிறு, பகல் தூக்கம் கலைந்து தண்ணீர் குடிக்க வந்தவர், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். நறுமுகை வரைந்தது. தாள் முழுக்க நீல வானம். அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே இந்த வீடு. வானத்துக்குக் கீழே வீடு. வாசலில் அம்மாவும் அவளும். மொட்டைமாடியில் கைகளை விரித்தபடி, வெளிர்நீலச் சட்டை போட்ட ஒருவர்.

"முகை, இது யாரும்மா?"

"அப்பா."

"நான் ஏன் மாடியில நிக்கிறேன்?"

"அங்கதானே எப்பவும் நிப்பீங்க" என்றாள் நறுமுகை, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

மேகலா சிரித்துக்கொண்டே வந்தாள். "வேன்லேருந்து இறங்குறப்போ அழுவா. அப்பா எங்க, அப்பா எங்கன்னு. 'அதோ மேலேருந்து பாக்குறாரு, டாட்டா காட்டு'ன்னு ஒருநாள் விளையாட்டுக்குச் சொன்னேன். அன்னிலேருந்து தெனமும் அதுக்கு டாட்டா, அதுகிட்ட எல்லாக் கதையும். நல்லதுதான்னு விட்டுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

கயிற்றை அறுக்கப் பொம்மையின் தோளைப் பிடித்தார். வைக்கோலின் சரசரப்பு இல்லை. தோள் தோளாகவே இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

"மெதுவா சார்" என்றது பொம்மை. "அந்தப் பக்கம் முடிச்சு இறுகிப் போச்சு."

கத்தி கீழே விழுந்தது. நல்ல வெயில். எதிர்வீட்டில் யாரோ வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பேய்க்குப் பயப்படவும் கூச்சமாக இருந்தது.

"எம் பொண்ணு உன்னை அப்பான்னு நினைச்சுக்கிட்டிருக்கா" என்றார்.

"தெரியும் சார். எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. அவ கணக்கு டீச்சர் பேரு, அவ யாரோட காய் விட்டிருக்கா, எல்லாம் எனக்குத் தெரியும். பதில் சொல்லத்தான் வழியில்ல." பொம்மை குன்றின் பக்கம் பார்த்தது. "எனக்கு ஒண்ணுதான் புரியல. காலையில ஏரியிலேருந்து கொக்கு கிளம்பும் பாருங்க, இந்தக் குன்றை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போகும். உங்க வீட்டம்மா துணி காயப்போட வந்தா பாடுவாங்க. சாயங்காலம் இந்தத் தெருவே வாசல்ல நின்னு பேசும். மழை வந்தா ஏரி மேல நடந்து வர்றது தெரியும். இத்தனையும் விட்டுட்டு தெனமும் ஓடறீங்களே, பட்டணத்துல இதைவிட என்ன சார் அப்படி நல்லா இருக்கு?"

மேகலா பாடுவாள் என்பதே அவருக்குப் புதிய செய்தி.

"ஒரு பகல்" என்றது பொம்மை. "ஒரே ஒரு பகல் நீங்க இங்க நில்லுங்க. உங்க வேலையை நான் பாத்துட்டு வரேன். எனக்கும் பட்டணத்தைப் பாத்த மாதிரி இருக்கும்."

இக்கரைக்கு அக்கரை பச்சை. அது பொம்மைக்கும் உண்டு. தணிகைவேல் யோசித்தார். மாடியில் நின்று காற்று வாங்க வேண்டும் என்பதுதானே முதல் ஆசை? முடிச்சை அறுக்காமல் அவிழ்த்தார். சட்டையை மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் விடிவதற்கு முன் அவர் மாடியில் நின்றார். பொம்மை அவருடைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறியது.

மண்சட்டி முகத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ரயிலில் யார் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்? ஆபீஸில் பார்ப்பது அட்டையை. வீட்டில் பார்ப்பது சட்டையை.

அந்தப் பகலைப் போல் ஒரு பகலைத் தணிகைவேல் வாழ்ந்ததில்லை. கொக்குகள் கிளம்பிக் குன்றைச் சுற்றின. கீரை விற்கிறவள் எதிர்வீட்டு மாமியோடு சண்டை போட்டு, கொசுறாக ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனாள். மேகலா துணி உலர்த்த வந்தாள், பொம்மை நிற்கிற மூலையை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. பாடினாள். குரல் நன்றாகவே இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதைக் கேட்காமல் போனோமே என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சாயங்காலம் பள்ளி வேன் வந்தது. நறுமுகை இறங்கி, தலையை நிமிர்த்தி, கையை ஆட்டினாள்.

"அப்பா, இன்னிக்கு ஓட்டப் பந்தயத்துல நான் ரெண்டாவதுப்பா."

அவர் அழுதார். சந்தோஷத்தில்தான்.

இருட்டியதும் பொம்மை திரும்பி வந்தது. கேட் கிறீச்சிடவில்லை. "சார், இறங்கி வாங்க. பட்டணம் பாத்தாச்சு" என்றது கீழிருந்து, களைத்த குரலில்.

"இன்னும் ஒரு நாள்" என்றார் தணிகைவேல். "நாளைக்குப் பௌர்ணமி. ஏரி மேல நிலா வருமாம்."

மறுநாளும் பொம்மை கூப்பிட்டது. "முகைக்குப் பாட்டு வாத்தியார் வர்ற நாள் நாளைக்கு" என்றார். அதற்கடுத்த நாள் பொம்மை கூப்பிட்டது அவ்வளவு சத்தமாக இல்லை. பிறகு அது கூப்பிடுவதை விட்டுவிட்டது. குனிந்த தலையோடு, செல்போன் வெளிச்சம் முகத்தில் அடிக்க, நேராக உள்ளே போனது.

ஒரு சாயங்காலம் நறுமுகை வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். மணலில் சக்கரம் வழுக்கியது. முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அவள் விழுந்த இடத்திலிருந்தே மேலே பார்த்து, "அப்பா" என்று கூப்பிட்டாள்.

தணிகைவேல் குதிக்கப் பார்த்தார். விரித்த கைகள் விரித்தபடியே நின்றன. கால்களை உதறினார். காலே தட்டுப்படவில்லை. 'முகை' என்று கத்தினார். நெஞ்சுக்குள் ஏதோ சரசரத்தது, அவ்வளவுதான். குழந்தை கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தாள். கண்ணீரோடு, நம்பிக்கையாகப் பார்த்தாள். பிறகு தானே எழுந்து நொண்டிக்கொண்டு உள்ளே போனாள். அவருடைய ஜென்மத்தில் அதுபோல ஒரு வலி அவருக்கு வந்ததில்லை.

"குதிக்கப் பாத்தீங்களா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

எதிர்வீட்டு மாடியில் கோடு போட்ட சட்டையில் ஒரு பொம்மை நின்றது. இத்தனை நாளும் அவர் அதைப் பொம்மை என்றுதான் நினைத்திருந்தார்.

"எல்லாரும் ஒரு தடவை பாப்பாங்க" என்றது அது. "நானும் ஒரு நாள்னுதான் ஏறினேன். சங்கராந்திக்கு ஏறினது. எந்தச் சங்கராந்தின்னு மறந்துபோச்சு. காத்து மட்டும் குறையே இல்ல, இல்லையா?"

தணிகைவேல் முதன்முறையாகத் தெருவின் நீளம் முழுக்கப் பார்த்தார். வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி, ஒவ்வொருவர் நின்றிருந்தார்கள். எல்லாமே நல்ல சட்டைகள். ஒன்றின் கழுத்தில் டைகூட இருந்தது. எல்லோரும் கைகளை விரித்து, பட்டணம் போகும் சாலையைப் பார்த்தபடி நின்றார்கள்.

கீழே கேட் தொண்டையைச் செருமியது. மேலே நிற்கிறவர்களுக்கு அதன் பேச்சு நன்றாகவே புரியும். "நான் என்ன செய்யட்டும்? வெளிச்சத்துல பாத்த முகத்தைத்தான் எனக்குத் தெரியும்" என்றது.

அன்று இருட்டிய பின் பொம்மை வந்ததும் நறுமுகை கட்டுப் போட்ட காலைக் காட்டுவது எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது.

"விழுந்துட்டேன்."

"அப்படியா, எப்போ?" என்றது பொம்மை. பதிலுக்குக் காத்திருக்காமல் சோபாவில் சாய்ந்தது. அது எப்படிச் சாய்ந்தது, எப்படிக் கண்ணை மூடியது என்று தணிகைவேல் பார்த்தார். அப்படியே அவர் சாய்வதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "என்னங்க, குடிவந்து இவ்வளவு நாளாச்சு. இன்னிக்காவது அந்தப் பொம்மையை இறக்கிடுங்க. பாக்கவே என்னவோ மாதிரி இருக்கு. நேத்து துணி எடுக்கப் போனேன், அதோட கன்னம் ஈரமா இருக்குது" என்றாள் மேகலா.

பொம்மை கத்தியோடு மாடிக்கு வந்தது. தணிகைவேலின் எதிரே நின்றது. கண்ணுக்குக் கீழே கருவளையம். காற்று முகத்தில் பட்டதும் அதன் கை தளர்ந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டது.

தணிகைவேல் தன் பலம் முழுவதையும் திரட்டிச் சரசரத்தார். "என்னை இறக்கிடு. எம் பொண்ணு விழுந்தப்போ என்னால போக முடியல."

ஒரு காலத்தில் வைக்கோலாக இருந்ததற்கு வைக்கோலின் பேச்சு புரியாமல் போகுமா?

"நானும் அதுக்குத்தான் சார் வந்தேன்" என்றது பொம்மை. "பட்டணத்துல இதைவிட நல்லதா ஏதோ இருக்கும்னு நினைச்சேன்."

"இருக்கா?"

"தேடறதுக்கு நேரம் கிடைக்கல சார்." குன்றைப் பார்த்தது. கொக்குகள் ஒரு சுற்று முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தன. "நான் பாட்டுக்கு இங்கயே நின்னிருக்கலாம். வாங்க, மாத்திக்கலாம். நீங்க உங்க பொண்ணுகிட்டப் போங்க."

அது தன் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றியது. தணிகைவேலின் நெஞ்சில், எங்கோ வைக்கோலுக்கு அடியில், ஒன்று அடித்துக்கொண்டது.

பொம்மையின் பையில் செல்போன் அடித்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்று அது எழுந்தது. "ஆபீஸ்லேருந்து. இதோ வந்துடறேன்." பேசிக்கொண்டே படியிறங்கியது. தணிகைவேல் காத்திருந்தார். கத்தி சுவர்மேல் கிடந்தது. வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

மேகலா வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள். அவள் கண்ணுக்குப் பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது. அவளுக்கு எரிச்சல் மூண்டது.

"இவரை நம்பினா இந்த ஜென்மத்துல நடக்காது" என்றாள். "நாளைக்கு மேஸ்திரியை வரச் சொல்லிட்டேன். இறக்கி, நாலு தெரு முனையில வெச்சுக் கொளுத்திடச் சொல்றேன்."

வாசல்படியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த நறுமுகை சட்டென்று நிமிர்ந்தாள். "கொளுத்தக் கூடாது."

"ஏன்டி?"

"அது அப்பா."

மேகலா சிரிக்கப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மேலே காற்றே இல்லாமல் வைக்கோல் சரசரத்தது.

"அதுதான் அப்பான்னா, உள்ளே சோபாவுல தூங்கறது யாரு?"

நறுமுகை நீல நிறக் குச்சியை எடுத்து, மாடியில் நின்றவரின் சட்டைக்கு மறுபடி வண்ணம் தீட்டத் தொடங்கினாள்.

"அவரா? அவரு ஆபீஸ் போறவரு."